காலிக் கட்டம் கண்ணை உறுத்துதா, கண்ணு?

வா கண்ணு, உக்காரு. லேப்டாப்பைத் திண்ணையில வெக்காத, கோழி ஏறும். அந்தக் கட்டில் மேல வை. வீடு வீடாப் போயி தாள்ல எழுதிக்கிட்டு வந்ததையெல்லாம் இப்ப கட்டம் போட்ட ஷீட்டுல ஏத்தணுமாம். பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களும் நீயும் ஒரே ஷீட்டுல கை வெக்கிறீங்களாம். ‘டெம்ப்ளேட்டை யாரும் தொடாதீங்க’ன்னு பொழுதுக்கும் மெசேஜ் வருதாம். உங்கம்மா சொன்னா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தட்டிக்கிட்டே இருக்கியாமே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?

நான் கணக்கு எழுதினவன் இல்ல. கணக்குக் கேக்க வந்தவங்களுக்கெல்லாம் பதில் சொல்லியே நரைச்சவன். சர்க்கார்காரன் கேட்டான், பேங்க்காரன் கேட்டான், காலேஜ் பையன் கேட்டான், பேர் வாயில நுழையாத கம்பெனியெல்லாம் வந்து கேட்டுச்சு. கணக்கு எந்த எடத்துல சாயுதுங்கறது எழுதுறவனுக்குத் தெரியாது, பதில் சொல்றவனுக்குத்தான் தெரியும். அதனால ராத்திரி பத்து மணிக்கே நீ படுத்துத் தூங்குறாப்புல ஒரு வழி சொல்றேன், கேட்டுக்க. நல்ல வழின்னு சொல்லல. சுருக்கு வழி.

காலிக் கட்டம் கண்ணை உறுத்தும். மேல உக்காந்திருக்கறவனுக்கு இன்னும் உறுத்தும். அதனால எங்கெல்லாம் காலியோ அங்கெல்லாம் ஒரு 0 போட்டுடு. உருண்டையா, பார்க்கவும் லட்சணமா இருக்கும். கீழத்தெருவுல ஒருத்தி, ‘எத்தனை ஆடு’ன்னு நீ கேட்டப்ப வாயத் தெறக்கல இல்ல? அவளுக்கு ஆடு 0. பட்டியில ஆடு கத்துனா கத்திட்டுப் போவுது, ஷீட்டுக்குக் காது இருக்கா? இன்னொருத்தன் வீட்டுல நெசமாவே ஆடு இல்ல, அவனுக்கும் 0. நீ கேக்கவே மறந்துட்ட வீடு ஒண்ணு இருக்குமே, அதுக்கும் 0. சொல்லாதவ, இல்லாதவன், கேக்கப்படாதவன் மூணு பேரும் ஒரே பந்தியில உக்காந்துடுவாங்க. நாளைக்கு எவனாவது ‘கம்பைநல்லூர்ல ஆடு வளர்ப்பே அழிஞ்சுபோச்சு’ன்னு கட்டுரை எழுதுவான். 2011-ல ஆரம்பிச்சாங்களே, குடும்பத்துக்கு 4 ஆடு விலையில்லாம, அது மாதிரி மறுபடியும் வந்தா வாய் தெறக்காத அந்தப் புண்ணியவதிக்குத்தான் லாபம்.

சில டெம்ப்ளேட்டுல ‘பதில் இல்லைன்னா 99 போடு’ன்னு இருக்கும். போடு, தாராளமாப் போடு. வயசுக் கட்டத்துலயும் போடு, பிள்ளைங்க எத்தனைங்கற கட்டத்துலயும் போடு. கூட்டிச் சராசரி எடுக்கறவன் விளக்கக் குறிப்பைப் படிக்கவா போறான்? நம்ம தெருவுல காந்தாரிய விட ஒரே ஒரு மகன் கம்மியாப் பெத்த தாய்மார் ரெண்டு மூணு பேர் முளைச்சிருப்பாங்க. மேட்டுத்தெருக் கெழவிக்கு நெசமாவே 99 வயசு ஆயிருந்தா, பாவம், பதில் சொல்லாதவன்னு பேர் வாங்கிக்குவா.

வயசு இருக்கே, அது ஒரு தனிக் கூத்து. நம்ம பக்கத்துல அம்பது தாண்டினவங்களைக் கேளு, 50, 55, 60, 65ன்னுதான் பதில் வரும். ஒருத்தன் 57ன்னு சொன்னா அவன் பென்ஷன் வாங்கப் போறவன்னு அர்த்தம். ஜனத்தொகைக் கணக்குப் படிச்சவங்க இந்த வியாதிக்கு அளவுகோலே செஞ்சு வெச்சிருக்காங்க, விப்பிள் குறியீடுன்னு பேரு. 0-லயும் 5-லயும் முடியற வயசு எந்த அளவுக்குக் குமிஞ்சு கெடக்குன்னு பார்த்தாப் போதும், அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம்னு தெரிஞ்சுடுமாம். நீ மாட்டிக்காம இருக்கணும்னா 60ஐ 61 ஆக்கு, 55ஐ 54 ஆக்கு, அங்கங்க தூவி வுடு. பொய்யும் பார்வைக்கு மெய்யா இருக்கும். மெனக்கெடற பிள்ளைங்க வேற மாதிரி பண்ணும். ‘தருமபுரி தனி மாவட்டம் ஆனப்ப நீ பள்ளிக்கூடம் போனியா, இடுப்புல இருந்தியா’ன்னு கேக்கும், அது 1965 அக்டோபர் 2. ‘எம்.ஜி.ஆர். செத்தப்ப உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா’ன்னு கேக்கும். அது 1987 டிசம்பர் 24. கெழவி யோசிச்சு, அழுது, மூக்கைச் சிந்தி, சரியான வயசுக்குப் பக்கத்துல வந்து நிப்பா. அரை மணி நேரம் போயிடும். உனக்கெதுக்கு அந்த வம்பு?

மாவட்டம்னு சொன்னேன் பாரு. எங்கப்பன் சேலம் மாவட்டத்துல பொழைச்சான், நான் தருமபுரி மாவட்டத்துல பொழைக்கறேன். வீட்டுச் செவுரு ஒரு அடி நகரல. அரூர் தாலுக்கான்னு எழுதிக்கிட்டிருந்தோம், இப்பக் காரிமங்கலம் தாலுக்கா. உன் ஷீட்டுல சொடுக்குனா ஒரு பட்டியல் கீழ எறங்குதே, அதுல எந்தத் தாலுக்கா இருக்கு? பழைய பட்டியல்னா பழைய தாலுக்காவையே குத்திட்டுப் போயிக்கிட்டே இரு. பக்கத்து ஊர்ப் பிள்ளை புதுசைக் குத்தட்டும். ஒரே ஊர் ரெண்டு தாலுக்காவுல நிக்கும். அகஸ்தியர் பொதிகையிலயும் இருந்தாரு, கைலாசத்துலயும் இருந்தாரு, நம்ம ஊர் இருந்தா ஆகாதா?

சரி, பெரிய சங்கதிக்கு வரேன். எது ஒரு குடும்பம்? நீ கதவைத் தட்டுற, உள்ள இருந்து வர்றவங்களை எழுதிக்கிற. அவ்வளவு லேசு இல்ல கண்ணு. சென்சஸ்காரன் இதுக்கு ஒரு இலக்கணம் வெச்சிருக்கான்: வழக்கமாச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையல்ல சாப்பிடறவங்க ஒரு குடும்பம். கூரையை எண்ணல, கதவை எண்ணல, உலையை எண்ணுறான். அந்த இலக்கணம் எழுதின மகராசன் எவனோ, ஒரு நாளாவது கூட்டுக் குடும்பத்துல சாப்பிட்டிருப்பான்.

ஆனா நம்ம ஊர் உலையை எண்ணிப் பாரு. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனதும் தனி ரேஷன் கார்டு வாங்கியாச்சு. கார்டுக்காகத் தனி கேஸ் அடுப்பு, விசாரணைக்கு வர்றவனுக்குக் காட்ட. பொங்குறது என்னவோ ஒரே பானை. கார்டு கேட்டு வந்தவன்கிட்ட ரெண்டு குடும்பம், மொய் எழுதற எடத்துல ஒரு குடும்பம். எதிர் வீட்டைப் பாரு, கதவு எண் ஒண்ணு, கூரை ஒண்ணு, நடுவுல செங்கல் செவுரு. அண்ணனும் தம்பியும் பேசி வருஷம் ஆச்சு, ஒருத்தன் வீட்டுக் குழம்பு வாசனை இன்னொருத்தனுக்கு ஆகாது. நீ கதவு எண்ணைப் பார்த்து ஒரே வரியில ஏத்திட்டு வந்திருப்ப. பஞ்சாயத்தாலயே சேத்து வெக்க முடியாத பங்காளிங்களை உன் ஷீட்டு சேத்து வெச்சுடுச்சு, போ.

அவங்க அம்மா சங்கதிதான் எனக்கு மனசு கேக்காதது. மாசத்துல பதினஞ்சு நாள் பெரியவன் வீடு, பதினஞ்சு நாள் சின்னவன் வீடு. முறை வெச்சு கஞ்சி. ரெண்டு பேரும் ‘எங்க வீட்டுல தான் இருக்காங்க’ன்னு சொன்னா உன் ஷீட்டுல ரெண்டு கெழவி. அது நடந்தாச் சந்தோஷப்படு. பெரியவன் ‘தம்பி வீட்டுல எழுதிக்கோங்க’ம்பான், தம்பி ‘அண்ணன் வீட்டுல எழுதியிருப்பாங்களே’ம்பான். கெழவி ஒரு வரியிலயும் இருக்க மாட்டா. 0 கூட இல்ல அவளுக்கு. 0 போடக் கட்டம் வேணும், கட்டத்துக்கு ஒரு வரி வேணும். முதியோர் பென்ஷன் எத்தனை பேருக்கு வேணும்னு எவனாவது உன் ஷீட்டைப் பார்த்து எண்ணுனா அவ இல்லாமத்தான் எண்ணுவான். இந்த ஒரு எடத்துல மட்டும் என் சுருக்கு வழியைக் கேக்காத.

வெளியூர்ப் பொழைப்புக்காரன் அடுத்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், ஓசூர்ல ஷிப்டு பார்க்கறவன். ‘இருக்காரா’ன்னா ‘இருக்காரு’ன்னுதான் பொண்டாட்டி சொல்லுவா. புருஷன் இருக்காரான்னு கேட்டா வேற என்ன பதில் சொல்லுவா? எங்க சாப்பிடறாரு, போன ஆறு மாசத்துல எத்தனை நாள் இங்க படுத்தாருன்னு கேட்டாத்தான் கதை வெளிய வரும். கேட்டா நேரம் ஆகும். ஆகட்டும், நீ ‘ஆம்’னு ஒரு டிக் போட்டுட்டுத் தூங்கு.

நெலத்துக்கு வருவோம். இதுல சுருக்கு வழி போனா ஒரே தட்டுல ஏழையப் பணக்காரன் ஆக்கலாம். பட்டாவை எடுத்துப் பாரு, நம்ம பட்டாவுல ஏக்கர் கணக்கு கிடையாது, ஹெக்டேர் - ஏர் கணக்கு. ஒரு ஏக்கர் கொல்லைன்னா 0.40.5ன்னு இருக்கும், 0 ஹெக்டேர், 40.5 ஏர். ரெண்டு புள்ளி வெச்ச எண்ணை உன் ஷீட்டு எண்ணாவே ஒத்துக்காது, செவப்புல கத்தும். என்ன பண்ணுவ? முன்னாடி இருக்கற 0-வையும் புள்ளியையும் அழிச்சுட்டு 40.5ன்னு தட்டுவ. கத்தல் நிக்கும். தலைப்பைப் பார்த்தா ‘ஏக்கர்’னு எழுதியிருக்கும். ஒரு ஏக்கர்ல கேழ்வரகும் அவரையும் போட்டு வயித்தக் கழுவறானே மாதுன்னு ஒருத்தன், அவன் இன்னியில இருந்து நாப்பதரை ஏக்கர் மிராசுதார். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கற முகாமை முதலமைச்சர் நம்ம மாவட்டத்துத் தொப்பூர்லதானே தொடங்கி வெச்சாரு, 2023 ஜூலை 24-ல? அதுல என்ன வெச்சிருந்தாங்க வரம்பு? நஞ்சைன்னா 5 ஏக்கர், புஞ்சைன்னா 10 ஏக்கர், வருஷ வருமானம் ரெண்டரை லட்சம், கரண்டு 3,600 யூனிட். இந்த மாதிரித் திட்டத்துக்கு உன் ஷீட்டை ஒருத்தன் எடுத்து வடிகட்டுனா மாது பொண்டாட்டி மாசம் 1,000 ரூபாயை ஒரு புள்ளியில தொலைப்பா. அவளுக்கு ஏன்னும் தெரியாது, எவன்கிட்ட போயி கேக்கறதுன்னும் தெரியாது.

இன்னொண்ணு, தாத்தன் பேர்ல இருக்கற பட்டா. மூணு ஏக்கர், மூணு பேரன், பங்கு பிரிக்கல. ஆளாளுக்கு ‘எங்களுக்கு மூணு ஏக்கர்’ம்பான். நீ ஒம்போது ஏக்கர் ஏத்திடுவ. இப்படியே ஊர் முழுக்க ஏத்துனா பெண்ணையாத்தைத் தாண்டி ஊத்தங்கரை வரைக்கும் நம்ம கொல்லைதான்.

வருமானத்தைப் பத்தி நான் சொல்லவே தேவையில்ல. மருத்துவக் காப்பீட்டுக்கு 72,000 வரம்புன்னு இருந்த காலத்துல ஊர்ல எவனுக்கும் 72,000-க்கு மேல வருமானம் இல்ல. வரம்பு 1,20,000 ஆச்சு, ஊரே சேர்ந்தாப்புல முன்னேறிடுச்சு. எந்தப் பொருளாதார நிபுணனும் கொண்டாராத வளர்ச்சி.

இப்படிச் சொல்றதுனால சனங்க பொய்யங்கன்னு நெனச்சுக்காத. இந்த மண்ணுல கணக்கெடுக்க வந்தவன் எதுக்கு வந்தான்? 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து நம்ம பாராமகால் சீமையை வாங்கின கையோட கம்பெனிக்காரன் ரீடுன்னு ஒரு கேப்டனை அனுப்புனான், கூட மன்றோ. கொல்லை கொல்லையா அளந்தாங்க. எவன் எவ்வளவு உழறான், எவ்வளவு வெளையுதுன்னு எழுதுனாங்க. மன்றோ தருமபுரியிலயே குடியிருந்து இந்த வேலையப் பார்த்தான், தோட்டமெல்லாம் போட்டான், நல்ல மனுசன்னுதான் பேரு. ஆனா கணக்கு முடிஞ்சதும் வந்தது என்ன? தீர்வை. ரயத்துவாரிங்கற முறைக்கே நம்ம சீமைதான் தொட்டில். கேள்வி கேக்க ஒருத்தன் படியேறுனா உள்ளதைக் குறைச்சுச் சொல்லணும்னு அப்பத் தெரிஞ்சுக்கிட்டோம். பிற்பாடு சர்க்காரு குடுக்க ஆரம்பிச்சுது, அப்பவும் குறைச்சுத்தான் சொல்லணும். ரெண்டு காலத்துக்கும் ஒரே பதில் சரியா வந்தது எங்க அதிர்ஷ்டம்.

2002-ல வறுமைக்கோட்டுக் கணக்கு வந்துச்சே, நீ அப்பப் பொறக்கவே இல்ல. 13 கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 4 வரைக்கும் மார்க். மொத்தம் 52. கம்மி மார்க் வாங்கினவன்தான் பாஸு, அப்படி ஒரு பரீட்சை. அதுல ஒரு கேள்வி, ஆளுக்கு எத்தனை துணி இருக்கு? ரெண்டுக்குக் கீழயா, நாலுக்குள்ளயா, பத்துக்கு மேலயா? டில்லியில உக்காந்து எவனோ போட்ட கட்டம். சேதி பரவினதும் எந்த வீட்டுக் கொடியிலயாவது துணி காயுங்கறியா? இன்னொரு கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை வயிறாரச் சாப்பாடு? அதுக்கு மட்டும் எங்க பொம்பளைங்க பதில் சொல்லக் கூச்சப்பட்டாங்க. பசியோட இருந்தவ கூட ‘ரெண்டு வேளை’ன்னு சொன்னா. துணியில பொய் சொல்லி மார்க்கைக் குறைச்சவ, சோத்துல பொய் சொல்லி மார்க்கை ஏத்திக்கிட்டா. இதை எந்தக் கட்டத்துல எழுதுவ, சொல்லு பார்ப்போம்.

உன் மெஷின் வேலைக்கும் நாலு யோசனை வெச்சிருக்கேன். ‘வார்டு 3’ன்னு ஒரு எடத்துல தட்டிட்டு மூலையப் புடிச்சுக் கீழ இழு. எல்லாத்துலயும் 3 வரும்னு நெனச்சுத் திரும்பிப் பார்க்காத. வார்டு 4, வார்டு 5ன்னு அதுவா ஓடும், வார்டு 112 வரைக்கும் போகும். நம்ம பேரூராட்சி மெட்ராஸ் மாநகராட்சி ஆயிடும். பேரை அகர வரிசையில அடுக்கணும்னு ஆசை வந்தா அந்த ஒரு பத்தியை மட்டும் தேர்வு பண்ணி அடுக்கு. பேரு மட்டும் எடம் மாறும், வயசும் படிப்பும் நின்ன எடத்துலயே நிக்கும். எண்பது வயசுக்காரி ஆறாம் வகுப்புப் படிப்பா, ஆறு வயசுப் பொடியன் விதவைப் பென்ஷன் வாங்குவான். பேங்க் கணக்கு எண்ணு பதினாறு இலக்கம்னா எக்செலுக்குப் பதினஞ்சுக்கு மேல ஞாபகம் நிக்காது, கடைசி இலக்கத்தை 0 ஆக்கிடும். முன்னாடி 0 இருந்தா முழுங்கிடும். அந்தப் பத்தியை ஆரம்பத்துலயே ‘எழுத்து’ன்னு மாத்தி வெச்சிருந்தா இந்தக் கூத்து இல்ல. டெம்ப்ளேட் போட்டவனே அதைச் செஞ்சிருக்கணும், செய்யல. நீ செஞ்சா ‘டெம்ப்ளேட்டைத் தொடாதே’ம்பான். தொடு. தொட்டுட்டு அவனுக்கே எழுதி அனுப்பு.

படிப்பறிவுக் கட்டம் ஒண்ணு இருக்கா? 2011 சென்சஸ்ல நம்ம மாவட்டத்துல 15 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம் சனம். படிப்பறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டுலயே கடைசி. சென்சஸ்காரன் இலக்கணப்படி ஏழு வயசு ஆனவங்க ஏதாவது ஒரு பாஷையில புரிஞ்சு படிக்கணும், எழுதணும். நீ அதெல்லாம் பார்க்காத. குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடறவளையெல்லாம் படிச்சவன்னு போட்டுடு. ஒரே வாரத்துல கேரளாவைத் தாண்டிடுவோம்.

சிரிக்கற. சிரி. உனக்கு முன்னாடி இந்த வேலையப் பார்த்தவரு கர்ணம். அடங்கல், சிட்டா, ‘அ’ பதிவேடுன்னு அவர்கிட்டயும் கட்டந்தான், எல்லா ஊருக்கும் ஒரே அச்சுக் கட்டம். எந்தக் கொல்லையில என்ன பயிர்னு திண்ணையில உக்காந்தே எழுதுன கர்ணம் உண்டு, வரப்புல நடந்து எழுதுன கர்ணமும் உண்டு. ஜமாபந்தியில ரெண்டு பேர் கணக்குக்கும் ஒரே கையெழுத்துதான் விழுந்துச்சு. 1980 நவம்பர்ல அந்தப் பரம்பரை வேலைய எம்.ஜி.ஆர். ஒரே உத்தரவுல எடுத்தாரு, வி.ஏ.ஓ. வந்தாங்க. கர்ணத்தை விட உனக்கு ஒரு இடைஞ்சல் அதிகம், தெரியுமில்ல? எந்தக் கட்டத்தை யாரு, எத்தனை மணிக்கு மாத்தினாங்கன்னு உன் ஷீட்டு தானா எழுதி வெச்சுக்குது. ராத்திரி ஒண்ணு அம்பதுக்கு நாப்பது வீட்டுக்கு ஒரே மாதிரி 0 இறங்கியிருந்தா நாளைக்கு ஒருத்தன் பார்ப்பான்.

என்கிட்டக் கேள்வி கேக்க வந்த ஆராய்ச்சிக்காரப் பையன் ஒருத்தன்கிட்ட, ‘நீ கேட்டதுக்கு நான் சொல்லியாச்சு, இப்ப நான் கேக்கறதுக்கு நீ சொல்லு, இதெல்லாம் எழுதி எவன் படிக்கறான்’னு கேட்டேன். அவன் ரெண்டு சேதி சொன்னான்.

மெட்ராஸ் யூனிவர்சிட்டியில பொருளாதாரத்துக்கு வந்த முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர்னு ஒரு வெள்ளைக்காரர். 1916-ல மாணவர்கள் கையில ஒரு கேள்வித்தாளைக் குடுத்து, ‘லீவுக்குச் சொந்த ஊர் போறீங்களே, இதை நிரப்பிக்கிட்டு வாங்க’ன்னாரு. 1918-ல புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு ஊரு இருவேல்பட்டு. நம்ம தென்பெண்ணை கீழ போயி விழுப்புரம் பக்கம் ஓடுதே, அங்க. உன்ன மாதிரிப் பிள்ளைங்க எழுதினதுதான். அதை வெச்சுக்கிட்டு 1930-கள்ல மறுபடி போய்ப் பார்த்தாங்க, 1961-ல பார்த்தாங்க, 1980-கள்ல பார்த்தாங்க, 2008-ல பார்த்தாங்க. யார் கையில இருந்த நெலம் யாருக்குப் போச்சு, கூலிக்காரன் கூலி எப்ப ஏறுச்சு, எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடிஞ்சுது. முதல்ல போன பையன் காலிக் கட்டத்துலயெல்லாம் 0 போட்டிருந்தா, பின்னால போனவங்க எதோட எதை வெச்சுப் பார்த்திருப்பாங்க?

ரெண்டாவது சேதியைச் சொல்றப்ப அந்தப் பையனே குரலைத் தாழ்த்திக்கிட்டான். 1871 கணக்குல சேலம் ஜில்லாவுல 19 லட்சத்து 67 ஆயிரம் சனம்; தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்ப அதுக்குள்ளதான். அடுத்த கணக்கு 1881-ல. 16 லட்சம். நடுவுல தாது வருசப் பஞ்சம். மூணரை லட்சத்துக்கு மேல காணோம். செத்தவன் எத்தனை, ஊரை விட்டு ஓடினவன் எத்தனைன்னு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. ஆனா பஞ்சம் அவ்வளவு பெருசு இல்லைன்னு எவனும் சாதிக்க முடியாதபடி ரெண்டு எண்ணும் நிக்குது. எங்க தாத்தனுக்குத் தாத்தன் ரெண்டாவது எண்ணுக்குள்ள இருந்திருக்கான், அதனால நான் இங்க உக்காந்து உன்கிட்ட வாயடிக்கிறேன்.

அதை விடு. இப்ப வரப்போற சென்சஸுக்கு 2027 மார்ச் 1 பொறக்கற நடுராத்திரிதான் கணக்கு நேரம். அதுக்கு முந்தி வீட்டுக் கணக்கு, 33 கேள்வி, போன்லயே தட்டப் போறாங்க, நாமளே தட்டிக்கவும் வழி வெச்சிருக்காங்க. அதுல ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு: வீட்டுல சாப்பிடற முக்கியத் தானியம் எது? என் பொண்டாட்டிக்குக் காலையில களி இல்லாம ஆகாது. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு. பேரனுக்கு ராத்திரி சப்பாத்தி. 2023-ல நம்ம மாவட்டத்துக்கும் நீலகிரிக்கும் ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக் கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்களே, அது இந்த ஊர் வயிறு எதுக்குப் பழகினதுன்னு யாருக்கோ தெரிஞ்சதாலதான். கட்டம் என்னமோ ஒண்ணே ஒண்ணைத்தான் குத்தச் சொல்லும். அரிசின்னு குத்திட்டா களி தின்னவங்க அத்தனை பேரும் அரிசிக்குள்ள போயிடுவாங்க. விருந்தாளி முன்னாடி களின்னு சொல்ல வெக்கப்படறவ இன்னும் இருக்கா. அடுப்பு மேல இருக்கற களித் துடுப்பைப் பார்த்துட்டுக் கேளு, பதில் மாறும்.

அப்புறம் அந்த ஷீட்டோட லிங்க்கை நீங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்கீங்களாமே? லிங்க் வெச்சிருக்கறவன் எவன் வேணா திறக்கலாமாம். நல்லதாப் போச்சு. எவளுக்கு எத்தனை பவுன், எவன் எத்தனை கடன், எந்த வீட்டுப் பொம்பளை தனியா இருக்கா, போன் நம்பர் என்ன, ஆதார் என்ன, அத்தனையும் டீக்கடையில கெடைக்கும். கந்து வட்டிக்காரன் தெருத்தெருவா அலைய வேண்டியதில்ல. சென்சஸ்காரன் எழுதற ஏட்டை எவனும் கேட்டுப் பார்க்க முடியாது, கோர்ட்டுல சாட்சியாவும் எடுத்துக்க மாட்டாங்க. 1948-லயே சட்டம் போட்டு வெச்சிருக்கான். அவன்கிட்டயே சனங்க யோசிச்சுத்தான் பேசுறாங்க. உன்கிட்டத் திண்ணையில உக்காந்து மனசு விட்டுச் சொன்னது, நீ எங்க வீட்டுப் பிள்ளைன்னு. முதல்ல அந்தக் கதவைச் சாத்து. யாரெல்லாம் தட்டுறீங்களோ அவங்க பேருக்கு மட்டும் தெறந்து வெச்சாப் போதும். ஆதார் எண்ணு உன் கணக்குக்கு எதுக்குன்னும் மேல கேளு. பதில் சொல்லத் தெரியலைன்னா அந்தப் பத்தியே வேணாம்.

இந்நேரத்துக்கு உனக்கே தெரிஞ்சிருக்கும், கெழவன் சொன்ன சுருக்கு வழியில போனா எங்க போயி நிப்போம்னு. சரி, ஒரே ஒரு வேலை பண்ணு. உன் டெம்ப்ளேட்டுல கடைசியில ‘குறிப்பு’ன்னு ஒரு பத்தி இருக்கா? இல்லியா? எனக்குத் தெரியும், இருக்காது. அதுல ஒண்ணு சேர்க்கச் சொல்லி உங்க மேடத்துக்கு எழுது. ‘ஆடு பத்திச் சொல்லல, பட்டியில சத்தம் கேட்டுச்சு.’ ‘கெழவி ரெண்டு வீட்டுக்கும் முறை.’ ‘பட்டா தாத்தா பேர்ல, மூணு பங்கு, இதே நெலம் 14-ம் வரியிலயும் இருக்கு.’ ‘வயசு தோராயம்.’ இந்த மாதிரி எழுத ஒரு எடம் வேணும்னு சொல்லு. காலிக் கட்டம் காலியாவே கெடக்கட்டும், ஏன் காலின்னு பக்கத்துல இருந்தாப் போதும். சனிக்கிழமையோட டெம்ப்ளேட்டைப் பூட்டிடுவாங்கன்னு உங்கம்மா சொன்னா. அதனால இப்பவே மெசேஜ் போடு. எழுத்துப் பிழை இல்லாமப் போடு, அதுக்கும் ஒருத்தன் வருவான்.

போட்டாச்சா? சரி, இப்ப என் வீட்டுத் தாளை எடு. வயசு எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்க? எழுபதா? யாரு சொன்னா?